ஆயிஷா மாமியின் ஐந்து ஓவர்

நேற்று மருதமுனையில் ஒரு கல்யாண வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வட்டிலப்பம் அவிகிற வாசம் வந்துவிட்டது. தேங்காய்ப்பால், ஏலம், கித்துள் கருப்பட்டி. மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் நாக்கு ஊறும். எனக்கு விரல் துடிக்கும். எந்தப் பெண் போனை மடியில் வைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்திருக்கிறாள் என்று கண் தேடும். நேற்றும் தேடியது. எல்லோர் மடியிலும் கண்ணாடிப் பலகைகள்தான் கிடந்தன, ஒரு பொத்தான் போன்கூட இல்லை. அதைச் சொல்லிச் சிரிக்க உன் பக்கம் திரும்பினேன். அங்கே மாப்பிள்ளையின் சாச்சி இருந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. இன்னமும் இப்படித் திரும்பிப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் எதையாவது நீட்டி முழக்கினால் நீ கையை உயர்த்தி, "அறுபத்தி நாலு கேபிக்குள்ள சொல்லு புள்ள" என்பாய். அந்தக் காலத்துப் போன்களில் பல, அறுபத்து நான்கு கிலோபைட்டுக்கு மேலான எந்த ஜாவா விளையாட்டையும் உள்ளே விடாது. என் கதையும் அதற்குள் அடங்க வேண்டும் என்பது உன் சட்டம். மன்னித்துக்கொள், இது அடங்காது.

நாம் முதன்முதலில் சண்டையோடுதான் சந்தித்தோம். சுனாமியில் பாதிக்கப்பட்ட இளைஞர்களுக்கென்று வெளிநாட்டு உதவியில் கல்முனை டவுனில் ஒரு கணினி நிலையம் தொடங்கினார்கள். ஒற்றுமை வளர வேண்டுமாம். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முஸ்லிம், ஒரு தமிழ் என்று சோடி சேர்த்தார்கள். மருதமுனையிலிருந்து போன எனக்குப் பாண்டிருப்பிலிருந்து வந்த நீ வாய்த்தாய். உனக்கு இடக்கை. வந்ததும் மவுசை இழுத்து இடப்பக்கம் வைத்தாய். நான் வலப்பக்கம் வைத்தேன். பொறுப்பாளர் வந்து பார்க்கும்வரை அந்த மவுசு அங்குமிங்கும் போய்க்கொண்டே இருந்தது. ஒற்றுமை அன்றைக்கு வளரவில்லை. ஆனால் ஜாவா வகுப்பு தொடங்கிய மூன்றாம் நாள், ஆசிரியர் பலகையில் விட்ட பிழையை நாம் இருவரும் ஒரே நேரத்தில் எழும்பிச் சொன்னோம். அதற்குப் பிறகு மவுசு உன் பக்கமே இருந்தது, நான் விட்டுவிட்டேன்.

அப்போது நான் எந்த நிலையில் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். என்றாலும் சொல்கிறேன். வாப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டையும் கொண்டுபோயிருந்தது. அது உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு, ஒரே பிள்ளையான எனக்கு வரவேண்டிய வீடு. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். வீடில்லாத பெண்ணை எவரும் கேட்டு வரமாட்டார்கள். சுனாமி நிவாரணமாகத் தருவதாகச் சொன்ன வீடு அத்திவாரத்தோடு நின்றது. நாங்கள் தகரக் கொட்டிலில் வெந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் உம்மா, வெங்காயம் வாங்கப் போவதைச் சொல்வதுபோல, சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

"இந்தக் கொட்டில்ல இரிந்து ஒனக்கு மாப்புள தேடேலாமா? ரெண்டே ரெண்டு வருசம். கண்ண மூடித் துறக்கிறதுக்குள்ள வந்துருவன்."

நான் அழுதேன், கத்தினேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். உம்மா அசையவில்லை. மருத்துவப் பரிசோதனை முடிந்தது. கடவுச்சீட்டு ஏஜென்சியில் இருந்தது. நான் வேலைக்குப் போனால் போகமாட்டீர்களா என்று கேட்டேன். "கெடைக்கட்டும், பாப்பம்" என்றார். உம்மாவின் "பாப்பம்" என்ற சொல்லுக்கு இல்லை என்று பொருள் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து அந்த வேலை வந்தது. நிலையத்துக்குப் பாடம் நடத்த வந்த ஒருவர் வழியாக, கைத்தொலைபேசி விளையாட்டுகள் செய்கிற ஒரு நிறுவனத்தின் மேலாளர் நம்மோடு பேசினார். அவர்களிடம் ஒரு கிரிக்கெட் விளையாட்டு இருந்தது. வளைகுடாவில் வேலை செய்கிற நம் நாட்டவர்களுக்கு விற்பதற்காகச் செய்தது. அது ஒரே ஒரு வகைப் போனில் மட்டும் ஓடும். மற்றப் போன்களில் ஓட வைக்க வேண்டும். ஒரு போனில் திரை பெரிது, ஒன்றில் தீப்பெட்டி அளவு. ஒன்றில் 'சரி' என்கிற பொத்தானுக்கு ஒரு எண், இன்னொன்றில் வேறு எண். ஒன்றில் துடுப்பாட்டக்காரனின் தலை திரைக்கு வெளியே போய்விடும், ஒன்றில் பந்து வீசியதும் நினைவகம் நிரம்பி எல்லாம் உறைந்துவிடும். ஒரே உடுப்பை ஊரிலுள்ள எல்லோருக்கும் அளவாக வெட்டித் தைப்பது போன்ற வேலை அது.

மேலாளர் நம்மைத் தேடி வந்ததற்குக் காரணம் நம் கெட்டித்தனம் இல்லை. அவரே அதை ஒளிக்கவில்லை. வளைகுடாவில் விற்கிற போன்கள் கொழும்பில் அவரிடம் இல்லை. கல்முனைக் கரையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கட்டாரிலிருந்தோ குவைத்திலிருந்தோ வந்த ஒரு போன் இருக்கும். பதினான்கு வகைப் போன்களின் பட்டியல் ஒன்றைத் தந்தார். ஆறு கிழமைக்குள் பதினான்கிலும் ஓடினால் நம் இருவருக்கும் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுவார். உம்மாவின் விமானச்சீட்டு அந்தக் கெடு முடிகிற மாதக் கடைசியில். நான் இரண்டு திகதிகளையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன். நீ அதைப் பார்த்தாய். பேனையை வாங்கி, முதல் திகதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாய்.

போன்கள் ஊரில் இருந்தன, உண்மைதான். எங்கள் கைக்கு வருவது எப்படி? எந்தப் பெண்ணும் போனை வெளியே கொடுக்க மாட்டாள். எந்த நேரமும் "மாப்புள எடுப்பார்" என்று கணவரின் அழைப்புக்குக் காத்திருப்பாள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சினால் ஒரு வருடமாகும். கெஞ்சி வாங்கினாலும் எட்டுப் போன்களைப் பையில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டுவது யார்? யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாளில் ஒரு பையில் இரண்டு போன் இருந்தாலே அரை நாள் உட்கார வைத்துவிடுவார்கள்.

கல்யாண வீடு என்கிற யோசனை எனக்குத்தான் வந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. அறுவடை முடிந்து கல்யாணங்கள் வரிசையாக நடந்த காலம். பெண்கள் பக்கத்தில் சஹனைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்காருவார்கள். ஒரே பெரிய தட்டில் ஆறு பேரின் கை. அந்த அரை மணி நேரம்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் போனை விட்டுக் கையை எடுக்கிற நேரம். எல்லோர் வலக்கையும் சோற்றில், எல்லோர் போனும் மடியில். நான் சாப்பிடாமல் சஹன் சஹனாகச் சுற்றி வருவேன். என் போனிலிருந்து புளூடூத்தில் விளையாட்டை அனுப்பி, ஓட்டிப் பார்த்து, கொப்பியில் எழுதி, அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். நிலையத்தில் நீ என் கொப்பியை வாசித்து நிரலைத் திருத்துவாய். மூன்று கல்யாணத்திலும் ஒரு சுன்னத்து வீட்டிலுமாகப் பத்து வகைப் போன்களை முடித்துவிட்டோம். நான் அவ்வளவு சோற்றைப் பார்த்து ஒரு பிடிகூடச் சாப்பிடாமல் வந்தது அந்த ஆறு கிழமையில்தான்.

மிச்சம் நான்கு. அந்த நான்கும் ஒரே கூத்தைக் காட்டின. விளையாட்டுத் தொடங்கும். 'எத்தனை ஓவர்?' என்று கேட்கும். ஒரு எண்ணைக் கொடுத்து 'சரி' என்றால், சத்தமே இல்லாமல் மூடிக்கொள்ளும்.

அதில் ஒன்று ஆயிஷா மாமியின் போன். ஆயிஷா மாமி ஊரில் எந்தக் கல்யாணத்தையும் தவறவிடாதவர், ரியாத்திலிருந்து கணவர் அனுப்பிய போனை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். என்ன போடுகிறோம் என்று சொன்னால்தான் தருவார். சொன்னேன். "கிரிக்கட்டா? நான் வெளாடிப் பாத்துத்தான் தருவன்" என்றார். ஐந்தை அமத்தினார். மூடிக்கொண்டது. "இதா வெளாட்டு? கதவச் சாத்துறதா?" என்று ஆறு பேருக்கும் கேட்கக் கேட்டார். சஹனே சிரித்தது. நான் கொப்பியில் எழுதினேன்: '5 கொடுத்தோம். மூடிக்கொண்டது.'

நீ அதை வாசித்துவிட்டுப் பதினைந்து நாள் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"உன்ட கொப்பியில அஞ்சு எண்டு கிடக்கு. எனக்கு இங்க அஞ்சு குடுத்தா ஓடுது. வடிவாப் பாத்தியா?"

"ஓம் புள்ள, அஞ்சுதான். என்ட கண்ணால பாத்தன்."

"வேற எண்?"

"மூணும் குடுத்தன், பத்தும் குடுத்தன். எல்லாம் ஒண்டுதான்."

அப்படியானால் நினைவகம்தான் போதவில்லை என்று முடிவெடுத்தாய். முதலில் பார்வையாளர்களைத் தூக்கினாய். பிறகு புல்லைத் தூக்கினாய். பிறகு அம்பயரை. "அம்பயர் இல்லாட்டியும் கிரிக்கட் நடக்கும். பந்து இல்லாட்டித்தான் நடக்காது" என்றாய். கடைசியில் ஒரு வெள்ளைத் திரையில் இரண்டு ஒல்லி மனிதர்களும் ஒரு பந்தும் நின்றார்கள். அடுத்த கல்யாணத்தில் ஆயிஷா மாமி ஐந்தை அமத்தினார். மூடிக்கொண்டது. வாரக் கணக்கில் நீ உரித்தது எல்லாம் வீண். கணினிக்குள் போனைப் போலவே ஒன்றை ஓட்டிக் காட்டுகிற மென்பொருளுக்கு நீ வைத்த பெயர் 'பொய்ப் போன்'. அந்தப் பொய்ப் போனில் எல்லாம் அழகாக ஓடிற்று. நீ அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தது எனக்கு இன்னும் கேட்கிறது.

திங்கட்கிழமை கெடு. சனிக்கிழமை என் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ சொன்னாய், "நாளைக்கு நானும் வாறன்."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். கடையடைப்பு ஒன்று முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அங்கே ஒருத்தருக்கு அடி, இங்கே ஒரு கடைக்குத் தீ என்று இரண்டு பக்கமும் கதை உலவியது. உன் அம்மா உன்னை மருதமுனைப் பக்கம் விடமாட்டார். எங்கள் பக்கத்தில் உன் பொட்டைப் பார்த்து யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் நான் எங்கே கொண்டுபோய் முகத்தை வைப்பேன்? நீ என் தயக்கத்தைக் கண்டுகொண்டாய்.

"பயமா இரிக்கா?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்டாய்.

"ஓம்" என்றேன்.

"எனக்கும்தான். பத்து மணிக்கு சந்தியில நில்லு."

சொன்னபடி வந்தாய், பச்சைச் சேலை கட்டி, பொட்டும் வைத்து. சாவடியில் என் அடையாள அட்டையை ஒரு தரம் பார்த்தவர்கள் உன்னுடையதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கல்யாண வீட்டில் ஒரு நொடி பேச்சு நின்றது. அந்த நொடியில் உம்மா அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்து, "வந்துட்டியா மகள்? பசியோட இரிப்பா, இரி" என்று உன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பேச்சு மறுபடி தொடங்கியது. சஹனில் மாட்டிறைச்சி என்பதால், உனக்கென்று கோழிக்கறியை ஒரு தனிக் கோப்பையில் உம்மா முதலே எடுத்து வைத்திருந்தார். நான் சொல்லி வைக்கவில்லை. உம்மாவாகவே நினைத்துச் செய்தது.

உன்னை ஆயிஷா மாமியின் சஹனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் சோற்றில் கை வைத்ததும் போனை எடுத்தேன். விளையாட்டை அனுப்பினேன். நீ வலக்கையால் சோறு பிசைந்தபடி இடக்கையை நீட்டினாய். "தா, நான் அமத்துறன்." உன் இடக்கையால் ஒரு பிரயோசனம் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஐந்தை அமத்தினாய். திரையைப் பார்த்தாய். அழித்தாய். மறுபடி அமத்தினாய்.

"புள்ள, இது என்ன, சைபர் விழுது?"

"எங்க?"

"இந்தா. நான் அஞ்சத்தான் அமத்துறன். சைபர் வருது. சைபர் ஓவர் எண்டா ஆட்டம் முடிஞ்சுதானே, அதான் மூடுது."

நான் எட்டிப் பார்த்தேன். சிரித்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். "சைபர் இல்லகா, அது அஞ்சு."

"இதா அஞ்சு?"

"ஓம், அஞ்சுதான். ٥."

அதைச் சொன்னதும் நான் திரும்பவும் குனிந்து திரையைப் பார்த்தேன். நீயும் சோற்றுப் பிடியைக் கோப்பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாய்.

அது அரபு ஐந்து. நம் சுழியம் போலவே ஒரு வட்டம். குர்ஆன் ஓதப் பழகிய ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு ஆயத்து வசனத்தின் முடிவிலும் அந்த இலக்கங்களைக் கண்டு வளர்ந்த கண் என்னுடையது. ஆயிஷா மாமியின் கணவர் போனை அரபில் வைத்தபடியே அனுப்பியிருந்தார், மற்ற மூன்றும் அப்படி வந்தவைதான். ஐந்தை அமத்தினால் அது அரபு ஐந்தைப் போட்டது. நான் அதைக் கண்டேன், ஐந்து என்று வாசித்தேன், ஐந்து என்று எழுதினேன். வேறொரு எழுத்து என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நிரலுக்கோ அரபு தெரியாது. ஐந்தை எதிர்பார்த்த இடத்தில் அறியாத ஒன்று வந்ததும் பயந்து செத்துவிட்டது. நான்கு கல்யாணம், நான்கு வகைப் போன், ஒரே பிழை. பிழை போனில் இல்லை, நினைவகத்தில் இல்லை. நான் நன்றாக வாசித்ததுதான் பிழை.

நீ கோபப்பட்டிருக்கலாம். உன் பதினைந்து நாளை நான் தின்றிருந்தேன். உன் அம்பயரையும் தின்றிருந்தேன். நீ கோபப்படவில்லை. "ரெண்டு வரி" என்றாய். "ரெண்டே ரெண்டு வரி புள்ள! அந்த எழுத்துல இருந்து அரபு சைபரக் கழிச்சா நம்மட எண் வரும். வா, போவம்." எழும்பிவிட்டாய், கையில் சோறோடு.

ஆனால் ஆயிஷா மாமி சாப்பிட்டதும் போய்விடுவார். மற்ற மூன்று வகைப் போன்காரிகளும் அன்று அங்கே இருந்தார்கள், அவர்களும் போய்விடுவார்கள். திங்களுக்கு முன் இன்னொரு கல்யாணம் இல்லை. நான் அடுப்படிக்கு ஓடி உம்மாவிடம், "உம்மா, ஒரு மணித்தியாலம். ஆக்கள் போகாமப் பாத்துக்குங்க" என்றேன். ஏன் எதற்கு என்று உம்மா கேட்கவில்லை. பின்னால் நின்ற உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போங்க, போய்ட்டு வாங்க" என்றார்.

கல்முனைக்குப் போன முச்சக்கர வண்டியில் நீ கையைத் தண்ணீர்ப் போத்தலால் கழுவினாய். நிலையத்தில் மின்சாரம் இருந்தது, அது அந்தக் காலத்தில் அதிர்ஷ்டம். நீ எழுதியது உண்மையிலேயே இரண்டு வரிதான். அரபு எழுத்திலும் நம் எழுத்திலும் எந்த எண் வந்தாலும் ஏற்கும். என் போனில் ஏற்றினோம், திரும்பினோம். சாவடியில் ஒரு சிப்பாய் என் போனை வாங்கினான். வெறும் அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் போதாதா? அவன் கண்ணில் கிரிக்கெட் பட்டது. திறந்தான். ஒரு ஓவர் என்று கொடுத்தான். ஆறு பந்தும் விளையாடினான். நாம் வெயிலில் நின்று ஒவ்வொரு பந்தையும் எண்ணினோம். கடைசிப் பந்தில் நான்கு ஓட்டம் வந்தது. "ஹரி, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லி, சிரித்துக்கொண்டு போனைத் தந்தான். நீ வண்டிக்குள் ஏறியதும், "நல்ல சோதனைக்காரன், கொப்பியில எழுது" என்றாய்.

ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. எல்லோரும் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால், ஒருவர்கூட எழும்பவில்லை. கை கழுவி, வெற்றிலை போட்டு, விசிறிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டு, எண்பது பெண்கள் அப்படியே இருந்தார்கள். உம்மா வட்டிலப்பத்தைப் பரிமாறவில்லை. இன்னும் வேகவில்லை, இன்னும் ஆறவில்லை என்று ஏதேதோ சொல்லி, அறையில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருந்தார். வட்டிலப்பம் தின்னாமல் எங்கள் ஊரில் எவரும் கல்யாண வீட்டை விட்டு எழும்பியதாகச் சரித்திரம் இல்லை.

நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாய். "உன்ட உம்மாக்குச் சவூதிக்குப் போக விருப்பமில்ல புள்ள. விருப்பமிருந்தா, நம்மட வேல சரிவரட்டும் எண்டு இப்படிப் பூட்டி வைப்பாவா?"

ஆறு மாதம் ஒரே கொட்டிலில் பக்கத்தில் படுத்த எனக்குத் தெரியாமல் போயிற்று. உம்மாவின் பிடிவாதத்தைத்தான் நான் பார்த்தேன். அதற்குள்ளே இருந்த பயத்தை நீதான் பார்த்தாய். அந்த இடத்தில் நின்றே அழுதேன். நீ என்னை உலுக்கி, "பிறகு அழு. மாமிட போன எடு" என்றாய்.

ஆயிஷா மாமி போனைத் தர மறுத்தார். "இனி நான்தான் அமத்துவன்" என்றார். எத்தனை ஓவர் என்று கேட்டது. ஐந்தை அமத்தினார். வட்டம் விழுந்தது. 'சரி' என்றார்.

வெள்ளைத் திரை, இரண்டு ஒல்லி மனிதர்கள், ஒரு பந்து. பந்து வந்தது. மாமி அடித்தார். "போகுது! போகுது!" என்று அவர் கத்தினதில் ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ என்ன நடந்தது என்று எட்டிக் கேட்டார்கள். மாமி ஐந்து ஓவரையும் முடிக்கும்வரை எவரையும் கிட்ட விடவில்லை. மற்ற மூன்று போன்களிலும் ஓடியது. நீ இடக்கையை மேலே தூக்கினாய், நான் அதில் அடித்தேன். ஒரு பொட்டு வைத்த பெண்ணும் ஒரு முக்காடு போட்ட பெண்ணும் கல்யாண வீட்டின் நடுவில் நின்று துள்ளுவதை எண்பது பெண்களும் பார்த்தார்கள். ஒரு சொல்லும் ஒருவரும் சொல்லவில்லை. உம்மா திறப்பை எடுத்தார்.

திங்கள் காலை அனுப்பினோம். அதற்கு முன், ஞாயிறு முழுக்க இருந்து அம்பயரையும் புல்லையும் ஆட்களையும் திரும்பக் கூப்பிட்டாய். நினைவகத்தில்தான் இடம் இருந்ததே. புதன்கிழமை மேலாளர் அழைத்தார். நமக்கு முன் வேறு இடங்களில் முயன்ற குழுக்கள் எல்லாம் அதே இடத்தில் மூடிக்கொள்கிறது என்று கைவிட்ட நான்கு போன்கள் அவை என்று அப்போதுதான் சொன்னார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நீ ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, "சோறு திண்டு எண்டு சொல்லவா?" என்று என்னிடம் கேட்டாய்.

உம்மா ஏஜென்சிக்குப் போய்க் கடவுச்சீட்டை வாங்கி வந்தார். வந்து, கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, உடுப்புகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டார். "புழுங்கின மணம் அடிக்குது" என்றார்.

பிறகு நாம் எத்தனை போன்களுக்கு எத்தனை விளையாட்டுகளை மாற்றினோம் என்று கணக்கு இல்லை. கல்முனைப் பிரதான வீதியில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தோம். அத்திவாரத்தோடு நின்ற வீடு சுவராகி, கூரையாகி, என் கல்யாணமும் அதில் நடந்தது. யுத்தம் முடிந்த அன்று வீதியில் வெடி கொளுத்தினார்கள். வன்னியில் உன் சித்தியின் குடும்பம் என்ன ஆனது என்று தெரியாத நாட்கள் அவை. நீ காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதிக்கொண்டிருந்தாய். நான் எழும்பி யன்னலைச் சாத்தினேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்தியிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. நீ அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒரே ஒரு தரம்தான்.

பிறகு தொடுதிரை வந்து நம் ஜாவா விளையாட்டுகளை எல்லாம் ஒரே வருடத்தில் துடைத்துப் போட்டது. நீ கவலைப்படவில்லை. "போன்தானே மாறுது, பிழை மாறாது" என்று அடுத்ததைப் படிக்கத் தொடங்கினாய். நோய் வந்தபோதும் அப்படித்தான். மருத்துவமனைக் கட்டிலில் இருந்துகொண்டு நம்மிடம் வேலை செய்த பிள்ளைகள் எழுதிய நிரலைத் திருத்தினாய். இப்போது அந்த அறையில் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். எதையும் வெளியே அனுப்பும் முன் அந்த மொழியை வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஏன் என்று கேட்பவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொல்கிறேன். அறுபத்து நான்கு கேபிக்குள் அடங்குவதில்லை.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வாய்ப்பில்லாமல் போயிற்று. போன வருடம் உம்மாவை உம்றா யாத்திரைக்கு அழைத்துப் போனேன். முன்பு தட்டும் துணியும் கழுவப் போக இருந்த அதே நாட்டுக்கு, வெள்ளை உடுப்போடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உம்மா இறங்கினார். மக்காவில் நாங்கள் தங்கிய விடுதியில் மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு ஓடி வந்தார். நம் கரையைச் சேர்ந்தவர்தான். உம்மாவின் வயது இருக்கும். வந்து பதினாறு வருடமாம். உம்மா அவரைப் பக்கத்தில் இருத்தி, ஈரக் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நானும் இஞ்ச வர இரிந்தவதான்" என்றார் உம்மா. "பிளேன் சீட்டும் போட்டாச்சி. என்ட புள்ளைகள் போக விடல்ல."

"எத்தின புள்ளைகள் உங்களுக்கு?" என்று அந்தப் பெண் கேட்டார்.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்க்கவில்லை, கொஞ்சமும் யோசிக்கவும் இல்லை.

"ரெண்டு. ரெண்டும் பொம்புளப் புள்ள."